மேலிருந்து பார்த்த குடைகள்

"அந்தப் பொண்ணு என்ன வரஞ்சிருக்கா?" என்று அப்பா என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

திரை முழுக்க ஒரு தாள். சிறுமி ஒருத்தி அதைத் தரையில் விரித்து, மூலைகள் சுருண்டுவிடாமல் இரண்டு முழங்கால்களாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தாளில் கறுப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கோடுகள். உயரத்திலிருந்து பார்த்தால் குடைகள் அப்படித்தான் தெரியும். ஆட்கள் தெரியமாட்டார்கள், விளிம்பில் எங்காவது ஒரு கால்விரல், ஒரு பையின் மூலை, அவ்வளவுதான். அத்தனை கறுப்பு வட்டங்களுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு சதுரம்.

பாப்கார்ன் பொட்டலத்தின் விளிம்பை விரல்கள் கசக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது, ஆனால் அவை என் விரல்கள் போல இல்லை.

"கண்ணு? தூங்கிட்டியா?"

"வீடுப்பா," என்றேன். "ஒரு வீடு. பக்கத்துல மரம். மூலையில சூரியன்."

"ம். எல்லாப் பிள்ளைங்களும் அதத்தான் வரையும்," என்று அப்பா மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

அவருக்குப் பார்வை போன பிறகு, திரையைப் பார்த்து நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

எங்களுக்கு இது ஒரு தொழில் போலவே பழகிவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி, கூட்டம் குறைவாக இருக்கும். கடைசி வரிசையில் சுவரோரமாக இரண்டு இருக்கைகள். அப்பாவின் வலது காது மந்தம் என்பதால் நான் எப்போதும் இடது பக்கம். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொள்வார். படம் முடிந்ததும் நான் குனிந்து இருக்கைகளுக்கு அடியில் துழாவி அவற்றை எடுத்துத் தர வேண்டும். பேச்சுகளை அவரே கேட்டுக்கொள்வார். பேச்சு இல்லாத இடங்களில் யார் வந்தார்கள், கையில் என்ன இருக்கிறது, முகம் எப்படி இருக்கிறது என்று நான் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவேன். ஆரம்பத்தில் எனக்கு அது வரவில்லை. "அவன் ரொம்ப நல்லவன் மாதிரி இருக்கான்பா" என்பேன். அப்பா கையைத் தட்டிவிடுவார். "நல்லவனா கெட்டவனான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீ பாத்தத மட்டும் சொல்லு, நெனச்சதச் சொல்லாதே. கட்டடத்தப் பாக்கப் போனா நாங்க அப்படித்தான் எழுதணும். அதான் எங்க ஆபீஸ்ல மொதப் பாடம்." கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். கொஞ்ச நாளில் எனக்கும் அது பிடிபட்டுவிட்டது. இருமுகிறான், கதவுப் பக்கம் பார்க்கிறான் என்பேன். பொய்யாகச் சிரிக்கிறான் என்று சொல்லாமல், பல்லைக் காட்டுகிறான் என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிற எனக்கு, பார்ப்பதென்றால் என்ன என்பதையே அந்த இருட்டில்தான் அப்பா கற்றுக்கொடுத்தார் என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா எங்களோடு வருவதில்லை. வாசல் கதவைப் பூட்டிக்கொள்ள வரும்போது, "காது குத்துறவளும் குத்திக்கிறவரும் கெளம்பியாச்சா?" என்று கிண்டல் செய்வாள். இன்றைக்கும் அப்படித்தான் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். என்ன படம் என்று கேட்டாள். ஒரு ஏமாற்றுக்காரன் ஒரு லஞ்ச அதிகாரியை ஏமாற்றுகிற கதையாம், எங்கள் கணக்கு டீச்சர் வயிறு புண்ணாகிற மாதிரி சிரித்தாளாம் என்றேன். அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "உங்கப்பாவுக்கு அதெல்லாம் எதுக்கு? வேற படமே ஓடலையா?" உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "ஏன், நான் சிரிக்கக் கூடாதுன்னு எதாவது சட்டம் இருக்கா?" அம்மா தட்டை எடுத்து, துடைத்த அதே இடத்தை மறுபடியும் துடைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

தியேட்டருக்குள் நுழையும்போது அப்பா வழக்கம்போல நின்று தலையை நிமிர்த்தி, "ரெண்டாவது கதவு இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன் இவங்ககிட்ட," என்றார். இந்தத் தியேட்டருக்கு அனுமதி கொடுத்தது அவர்தான். அந்த இரண்டாவது கதவு எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே 'வெளியே' என்ற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கதவுக்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. படம் பார்க்க வந்த இடத்தில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஏமாற்றுக்காரன் பேருந்தில் ஏறிப் பயணச்சீட்டு கேட்டு, இல்லாதவர்களிடம் அபராதம் வாங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போகிறான். கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன் மாதிரி நடித்துச் சாப்பிட்டுவிட்டு, போகும்போது புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்கு முன் வரிசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் திரும்பி, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், டயலாக்கே கேக்கல," என்றாள். "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. என் பொண்ணுதான் பாத்துச் சொல்றா," என்றார் அப்பா. "அய்யோ, சாரிங்கய்யா. நீங்க சொல்லுங்கக்கா, தாராளமாச் சொல்லுங்க," என்று அவள் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளே கொஞ்சம் பின்னால் சாய்ந்து நான் சொல்வதைக் கேட்பது போலத் தெரிந்தது.

பிறகு அந்த அதிகாரி வந்தான். கை சுத்தமான ஆள் என்று அலுவலகத்தில் பெயர். ஒருவரிடமும் ஒரு பைசா வாங்க மாட்டான். கோப்பு நகராமல் அலைகிறவர்களை ஒரு நாள் வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிடுவான். வந்தவர்கள் உட்கார்ந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான். அவனுடைய மகள் தான் வரைந்த படங்களை அள்ளிக்கொண்டு ஓடி வருவாள். "சும்மா வரையும் சார். ஆனா பாருங்க, என்னமோ இருக்கு இதுல," என்பான். வந்தவர்கள் படத்தைப் புகழ்வார்கள். விலைக்குக் கேட்பார்கள். குழந்தையின் படத்துக்கு ஒரு வீட்டு முன்பணம் அளவுக்குக் கொடுத்துவிட்டு, சுருட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் கோப்பு நகரும். தியேட்டரே கைதட்டிச் சிரித்தது. "செம மூளைடா!" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். பாதியிலேயே என் சிரிப்பு நின்றுபோனது. ஏன் என்று தெரியவில்லை. அப்பா சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த காட்சியில்தான் அந்தத் தாள் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். சாயங்காலங்களில் அப்பாவைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். யார் வருகிறார்கள் என்று பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தைச் செருகிக்கொண்டு பார்ப்பது என் வேலை. அதனால் எனக்கு மனிதர்கள் மேலிருந்துதான் அறிமுகம். தலையின் வகிடு, வழுக்கை, தொப்பி, தோளில் கிடக்கும் பையின் வார். பள்ளியில் எல்லோரும் குச்சிக் கால் வைத்து ஆட்களை வரைந்தபோது நான் வட்டங்களாக வரைந்தேன். டீச்சர் திட்டினார். அப்பா திட்டவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்ததும், "கண்ணு, உன் படத்தக் கொண்டா," என்று கூப்பிடுவார். நான் ஓடுவேன். எத்தனை பேர் அந்தப் படங்களைக் கையில் வாங்கி, "இது சாதாரணக் குழந்தை இல்ல சார்," என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் என் கன்னத்தைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் என் படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் போவதைப் பால்கனியிலிருந்து முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் நல்ல மழை. குடை கொண்டுவராத ஒருவர் கீழே போய் வாசலில் தயங்கி நின்றார். பிறகு என் படம் இருந்த மஞ்சள் தாளை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். குடைகளுக்கு நடுவே அந்தச் சதுரம் ஓடியது. என் படம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, தலையில் வைத்துக் கொண்டாடுகிறார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அன்றைக்கே அதை வரைந்தேன்.

அந்தப் படம்தான் இப்போது திரையில் இருந்தது. அதைப் போன்ற ஒன்று என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வேறு எந்தக் குழந்தையும் குடைகளுக்கு நடுவில் ஒரு சதுரத்தைப் போட்டிருக்காது.

திரையில் ஏமாற்றுக்காரன் தாடி வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்தான். வெளிநாட்டில் குழந்தைகளின் ஓவியங்களுக்கென்றே பெரிய காட்சிக்கூடம் நடத்துகிறவர்களின் ஆள் என்று சொல்லிக்கொண்டான். எங்கள் வீட்டுக்கு அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவருக்கும் தாடி இருந்தது. தாடி மாமா என்று கூப்பிடுவேன். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "தாடி வெச்சிருக்கான். தோல் பை. செருப்ப வெளிய விட்டுட்டு வர்றான்." என் குரல் எனக்கே வேறு எங்கிருந்தோ கேட்டது. "தரையில உக்கார்றான். பொண்ணு பக்கத்துல." ஆமாம், அவர் தரையில்தான் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி வாங்கிப் பார்த்தார்கள். தரையில் இறங்கி, என் தாளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏன் இது மட்டும் சதுரமா இருக்கு?" என்று திரையில் அவன் கேட்டான்.

சொல்லுக்குச் சொல் தாடி மாமா கேட்ட அதே கேள்வி. அன்று அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். இருட்டில் அப்பாவின் முகம் திரையின் வெளிச்சத்தில் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"வீடுன்னு சொன்னியே," என்றார் மெதுவாக. "ஜன்னலச் சொல்றான் போல."

"ஆமாப்பா," என்றேன்.

திரையில் அந்தச் சிறுமி பதில் பேசவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு தாளை எடுத்துத் தலைக்கு மேல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடிக் காட்டினாள். நானும் அப்படித்தான் காட்டினேன். தாடி வைத்தவன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அந்த அதிகாரியைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் படம் எதற்கு விற்கிறது, வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள், இந்த ஆளை எங்கே தட்டினால் திறப்பான் என்பதெல்லாம். அன்று எங்கள் வீட்டில் அந்தச் சாவியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிக் காட்டியது நான். தியேட்டரில் இசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சில்லாத அந்த இடைவெளியில், அந்தப் பெண் என்ன செய்கிறாள், என்ன பதில் சொன்னாள் என்று அப்பா கேட்டிருக்க வேண்டும். எப்போதும் கேட்பார். ஒரு நொடி நான் தாமதித்தாலும் முழங்கையால் இடிப்பார்.

அவர் கேட்கவில்லை.

"அப்பா, போலாமா?" என்றேன். "எனக்குத் தலை வலிக்குது."

"காசு குடுத்து வந்திருக்கோம். முடியட்டும்." கொஞ்சம் பொறுத்து, "நீ சொல்றத நிறுத்தாதே," என்றார்.

எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. சிவப்பு விளக்கு எரியும் கதவைப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளின் கால்களுக்கு நடுவே அதை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். அதில் கைப்பிடி இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. கதவு மாதிரி வண்ணம் பூசிய பலகை ஒன்றைச் சுவரோடு வைத்து அறைந்திருக்கிறார்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

சொல்வதை நான் நிறுத்தவில்லை. ஏமாற்றுக்காரன் விரித்த வலை எளிமையானது. மகளின் படங்களை வெளிநாட்டில் பெரிய விலைக்கு வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டில் பதுங்கிக் கிடக்கும் பணத்தை என்னிடம் கொடுத்தால் அங்கிருந்து அவர்கள் பெயரில் படத்துக்கான விலையாகவே திருப்பி அனுப்பிவிடுவேன், கறுப்பு வெள்ளையாகிவிடும், பிள்ளைக்குப் பேரும் ஆயிற்று என்றான். அதிகாரி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினான். பணத்துக்காக மட்டும் நம்பியதாகப் படத்தில் காட்டவில்லை. ராத்திரி அவன் தனியாக உட்கார்ந்து மகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறான். தான் சொல்லிச் சொல்லி விற்ற பொய் ஒருவேளை உண்மைதானோ என்று அவனுக்கே ஒரு மயக்கம் வருகிறது. அதைப் பார்த்துத்தான் தியேட்டர் அதிகமாகச் சிரித்தது. "பாரு, லூசு மாதிரி பாக்குறான்!" என்றாள் முன்வரிசைப் பெண், குழந்தையிடம். நான் அப்பாவின் காதில், "படத்தப் பாத்துக்கிட்டு இருக்கான்பா," என்றேன். அவர் "ம்" என்றார்.

அப்போது எங்கள் வீட்டில் என்ன நடந்தது? கட்டிலடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி போனது. அது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதன் மேல் உட்கார்ந்துதான் நான் ஜடை பின்னிக்கொள்வேன். என் படங்கள் எல்லாவற்றையும் தாடி மாமா ஒரு தகரக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பிறகு அப்பா காய்ச்சல் என்று படுத்தார். மெலிந்துபோனார். மறுபடியும் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகும் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. "கண்ணு, உன் படத்தக் கொண்டா" என்ற குரல் அதோடு நின்றது. எனக்குக் கை வராமல் போய்விட்டது, அதனால்தான் கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஒரு நாள் மெதுவாக அவரிடம் கேட்டேன், என் படங்கள் என்ன ஆயின என்று. அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அங்க பெரிய கட்டடத்துல மாட்டி வெச்சிருக்காங்களாம். சனங்க வரிசைல நின்னு பாக்குறாங்களாம்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓவியம் படித்தேன். வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, சிறு வயதிலேயே என் ஓவியங்கள் வெளிநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டன என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு யார் வந்தாலும் தலைமையாசிரியை என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார். போன வாரம்கூட ஒரு பிள்ளை, "மிஸ், உங்க படம் இன்னும் அங்க தொங்குதா?" என்று கேட்டது. தொங்கும் என்றேன்.

அம்மாவிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் என் படம் ஒன்றைக்கூடச் சுவரில் மாட்டியதில்லை. கேட்டால், "ஆணி அடிச்சா வீட்டுக்காரர் சத்தம் போடுவார்," என்பாள். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் மாட்டவில்லை. வருகிறவர்கள் முன்னால் நான் தாள்களை விரிக்கும்போது அம்மா தேநீரை வைத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போய்விடுவாள். பெற்ற பெண்ணின் திறமையை ரசிக்கத் தெரியாதவள் என்று இத்தனை வயதுவரை அவளை உள்ளுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த வீட்டில் என் படங்களை விலைப்பொருளாகப் பார்க்கக் கூசிய ஒரே ஆள் அவள்தான் என்பது, பாப்கார்ன் வாசனைக்கும் சிரிப்புச் சத்தத்துக்கும் நடுவே, யாரோ அறைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

திரையில் அதிகாரி ஏமாற்றுக்காரன் கொடுத்திருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு போனான். அங்கே ஒரு சலவைக் கடை இருந்தது. சட்டைகள் வரிசையாகத் தொங்கின. தன் மகளின் படங்களைப் பற்றி அவன் அந்தச் சலவைக்காரரிடம் கேட்கிறான். "படமா? கறை போகணுமா சார்?" என்கிறார் அவர். தியேட்டர் அதிர்ந்தது. எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒருவன் எழுந்து நின்று, "வேணும்டா உனக்கு! நல்லா வேணும்!" என்று கத்தினான். விசில் பறந்தது. அப்பாவின் கை என் கையின் மேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. கட்டையைப் போலக் கனமாக, குளிர்ந்து கிடந்தது.

"மொகம் எப்படி இருக்கு?" என்றார்.

"கைக்குட்டையால தொடச்சுக்கிறான்."

"பொண்ணுகிட்ட என்ன சொன்னான்?"

"அதக் காட்டலப்பா."

"காட்ட மாட்டாங்க," என்றார் அப்பா. "அது இவங்களுக்குத் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரை இருக்கும் திசையில் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே படம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்பது? நான் வரைந்ததில் ஏதாவது இருந்ததா அப்பா? ஒரு தாளிலாவது? நீங்கள் அதை ஒரு தடவையாவது, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், பார்த்தீர்களா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பணமும் பெட்டியும் எக்கேடோ கெட்டுப்போகட்டும். அதைக் கேட்டால், வீடும் மரமும் சூரியனும் என்று நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரும் ஜன்னல் என்று சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தோம்.

கடைசிக் காட்சி வந்தது. பேச்சே இல்லை. ஏமாற்றுக்காரன் எங்கோ தூரத்து ஊரில் ஒரு சின்ன அறைக்குள் நுழைகிறான்.

"ரூமுக்குள்ள வர்றான்," என்றேன். "பெட்டியக் கட்டிலுக்கு அடியில தள்றான். கண்ணாடி முன்னால நிக்கிறான். தாடியப் பிச்சு எடுக்கிறான்." விசில். "தகரக் குழாயத் திறக்குறான். தாளுங்கள வெளிய உருவுறான். குப்பைக் கூடைல போடறான்."

"எல்லாத்தையுமா?"

எல்லாவற்றையும் இல்லை. ஒன்று அவன் கையில் நின்றுவிட்டது. அதை விரித்துப் பார்த்தான். கட்டிலில் ஏறி நின்றான். நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, அதைச் சுவரில் மாட்டினான். இறங்கி, தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். காமிரா அந்தப் படத்தை நோக்கி மெல்லப் போனது. இது உண்மையில் நடந்ததா, படம் எடுத்தவர்கள் அழகுக்குச் சேர்த்ததா? என் தாள் இவர்கள் கைக்கு எப்படி வந்தது? வந்திருக்கிறதே. எங்கேயோ ஒரு சுவரில் இத்தனை காலம் இருந்திருந்தால் ஒழிய வந்திருக்க முடியாதே.

"ஒண்ண மட்டும் சுவத்துல மாட்டுறான்பா."

"எத?"

முன்வரிசைப் பெண்ணின் தலை எங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நான் அப்பாவின் காதுக்கு இன்னும் நெருக்கமாகப் போனேன். அவருடைய காது மடலில் முளைத்திருந்த வெள்ளை முடிகள் என் உதட்டில் பட்டன.

"குடைங்கப்பா," என்றேன். "மேலேருந்து பாத்த குடைங்க. நடுவுல மஞ்சளா ஒரு சதுரம்."

இசை உயர்ந்தது. அப்பாவின் வலது கால் மடக்கிய நிலையிலிருந்து இறங்கி, இருக்கைக்கு அடியில் எதையோ தேடுவது போல முன்னும் பின்னும் போய் வந்தது. பிறகு அவர் பேசினார். குரல் கரகரத்தது.

"கீழ் ஓரத்துல ஒரு செருப்பு இருக்கணுமே. ஒத்தச் செருப்பு. ஓடும்போது கழண்டு விழுந்த மாதிரி. இருக்கா பாரு."

நான் சட்டென்று திரும்பினேன். காமிரா தாளின் கீழ் ஓரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. திரை முழுக்க மஞ்சள். பிறகு மஞ்சளும் போய்க் கறுப்பாகி, பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. தாடி மாமா எங்களிடம் சொன்ன பெயரை அவற்றில் தேடினேன். அது அவர் பெயராகவே இருந்திருக்காது. செருப்பு ஒன்றை நான் வரைந்தேனா? கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பால்கனிக்குப் போனேன். குடைகள் தெரிந்தன. சதுரம் தெரிந்தது. தண்ணீர் ஓடிய ஓரம் எவ்வளவு முயன்றும் தெளியவில்லை. மழையாகவே இருந்தது.

விளக்குகள் எரிந்தன. முன்வரிசைப் பெண் தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "படம் புடிச்சிருந்துச்சாங்கய்யா?"

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் அப்பா. "என் பொண்ணு நல்லாச் சொன்னா."

அவள் போகும்வரை காத்திருந்தேன். அப்பா கையை இருக்கையின் கைப்பிடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் அவர் முகம் சவரம் செய்து இரண்டு நாளான முகமாக, ஒன்றும் எழுதப்படாததாக இருந்தது.

"அப்பா," என்றேன். "அந்தச் செருப்பு. பாத்ததச் சொன்னீங்களா, நெனச்சதச் சொன்னீங்களா?"

துடைப்பத்தோடு இரண்டு பேர் கீழ் வரிசையிலிருந்து பெருக்க ஆரம்பித்திருந்தார்கள். பாப்கார்ன் உறைகள் சரசரத்தன.

"செருப்ப எடு, கண்ணு," என்றார்.

முழங்கால்களை ஊன்றிக் குனிந்தேன். ஒன்று இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. அதை அவர் காலில் மாட்டினேன். இன்னொன்றைக் காணவில்லை. கையை நீட்டித் துழாவினேன், தரை பிசுபிசுத்தது. எழுந்து, முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். படிப்படியாக இறங்கிப் போகும் வரிசைகளுக்கு அப்பால், ஒரே வாசலை நோக்கித் தலைகள் நெருக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. வகிடுகள், வழுக்கைகள், ஒரு தொப்பி, தோளில் சாய்ந்த ஒரு குழந்தையின் உச்சி. எங்களுக்கு இரண்டு வரிசை கீழே, பெருக்குகிறவர்கள் இன்னும் வந்து சேராத இடத்தில், அப்பாவின் செருப்பு தனியாகக் கவிழ்ந்து கிடந்தது.